வைராலஜி போஸ்ட்டாக்ல இருந்து பயோடெக் பக்கம் போய் மேல வர முடியுமா? சிங்கப்பூர்ல யாராவது பண்ணிருக்கீங்களா

கொசுவலை எழுதியது:

வணக்கம் மக்களே, ரொம்ப நாளா இங்க படிச்சிட்டு மட்டும் போற ஆளு. பிஎச்டி ஊர்ல, ஃபிளாவிவைரஸ் (டெங்கு இருக்கற குடும்பம்). அப்பறம் இங்க வந்து டெங்குல போஸ்ட்டாக், அதாவது பிஎச்டிக்கு அப்பறம் செய்ற கான்ட்ராக்ட் ஆராய்ச்சி வேலை. வேலை பிடிக்காமலாம் இல்ல, செல்லுல வைரஸ ஏத்தி பிளாக் (வைரஸ் செல்ல கொன்னு விட்ட ஓட்டை) எண்றது, மியூட்டன்ட் பண்றது, ஆன்டிபாடி எங்க போய் ஒட்டுதுன்னு பாக்கறது எல்லாம் இன்னும் ஆசையாதான் பண்றேன். ஆனா கான்ட்ராக்ட் ஒவ்வொரு தடவையும் கிராண்ட் வந்தாதான் நீளுது, என் பிஐ (லேப் தலைவர்) தங்கமான மனுஷன், அவருக்கே அடுத்த கிராண்ட் உறுதி இல்ல, இன்னொரு ரவுண்டு இதே மாதிரி ஓடி முடிச்சா நாப்பது வந்துடும், இந்த தீவுல ஃபேக்கல்டி சீட்டு எத்தனைன்னு நான் சொல்லி தெரிய வேண்டியதில்ல. மனைவி டிபில (டிபெண்டன்ட் பாஸ்) இருக்காங்க, பையன் கே1 (கிண்டர்கார்டன்) போறான்.

கம்பெனிக்கு போகலாம்னு முடிவு பண்ணிட்டேன்னு வச்சுக்கோங்க. ஆனா போய் ஒரு மூலைல பைப்பட் பிடிச்சிட்டு ரிட்டயர் ஆகறதுக்கு போகல, என்னிக்காவது எந்த மருந்த செய்யணும் எத விடணும்னு முடிவு பண்ற இடத்துல உக்காரணும், ஆர் அண்ட் டி ஹெட்டோ சிஎஸ்ஓவோ (கம்பெனியோட தலைமை விஞ்ஞானி) ஏதோ ஒண்ணு. அதுக்கு எந்த வாசல் வழியா உள்ள போறதுன்னுதான் தெரியல. பெரிய கம்பெனியா ஸ்டார்ட்அப்பா? விளம்பரம் எல்லாத்துலயும் ஜிஎம்பி (மருந்து தயாரிப்பு தர விதிமுறை) அனுபவம் கேக்கறான், லேப்ல இருக்கறவனுக்கு அது எங்கிருந்து வரும்? எம்பிஏ பண்ணணுமா? போயிட்டு பிடிக்கலன்னா திரும்பி யுனிவர்சிட்டிக்குள்ள விடுவாங்களா? அப்பா வேற வாராவாரம் ஃபோன்ல ப்ரொஃபசர் எப்ப ஆவன்னு கேக்கறாரு, அதுக்கும் ஏதாவது பதில் இருந்தா சொல்லுங்க.

துவாஸ்பஸ் எழுதியது:

தம்பி, நான் ஹெப்படைட்டிஸ் பில பிஎச்டி, இப்ப துவாஸ்ல ஒரு பயாலஜிக்ஸ் (உயிருள்ள செல்லுல செய்ற மருந்து) பிளான்ட்ல குவாலிட்டி பக்கம் டீம் நடத்தறேன். எல்லாரும் உங்கள மாதிரியே மருந்து கண்டுபிடிக்கற இடத்துக்குதான் கண்ண வைக்கறாங்க, பயோபொலிஸ் ஆராய்ச்சி வளாகத்துல அந்த மாதிரி சீட்டு கொஞ்சம், அதுக்கு வரிசைல நிக்கறவங்க நூறு பேரு. வைரஸ் தெரிஞ்ச ஆளுக்கு நிஜமான பஞ்சம் இருக்கற இடம் வேற. அத யாரும் உங்களுக்கு சொல்லிருக்க மாட்டாங்க, ஏன்னா பிஐகளுக்கே தெரியாது.

இங்க ஆம்ஜென், லோன்ஸா, ஜிஎஸ்கே, சனோஃபின்னு எல்லாம் துவாஸ்ல உக்காந்திருக்காங்க. ஆன்டிபாடி மருந்து எதுல செய்றாங்க, வெள்ளெலி ஓவரி செல்லுல. அந்த செல்லோட ஜீனோம்லயே ரெட்ரோவைரஸ் மாதிரி துகள் எல்லாம் வருது, அதுபோக வெளியில இருந்து எது வேணா உள்ள நுழையலாம். அதனால நம்ம சுத்திகரிக்கற முறை வைரஸ வெளியேத்துதுன்னு நிரூபிச்சாதான் மருந்துக்கு அனுமதி. எப்படி நிரூபிப்பீங்க? சுத்திகரிக்கற குழாய (காலம்) சின்ன சைஸ்ல செஞ்சு, எலி லுக்கீமியா வைரஸ், பார்வோவைரஸ் இதெல்லாம் வேணும்னே கலந்து ஊத்தி, முன்னாடி டைட்டர் (தொத்தற வைரஸோட அளவு) எவ்வளவு பின்னாடி எவ்வளவு, எத்தன லாக் (ஒரு லாக்னா பத்து மடங்கு) குறைஞ்சுதுன்னு பாப்பாங்க. ஆசிட் பிஹெச், டிடர்ஜென்ட், 20 நானோமீட்டர் ஃபில்டர், ஒவ்வொரு படியும் தனித்தனியா. இப்ப சொல்லுங்க, டைட்டர் பாக்கறதுல உங்கள விட கை தேறினவன் யாரு?

இது போரிங் வேலைன்னு நெனச்சா 2009ல ஜென்சைம் கதைய தேடி படிங்க. பாஸ்டன்ல இருந்த அவங்க ஆல்ஸ்டன் பிளான்ட்ல வெசிவைரஸ் 2117 புகுந்து பிளான்ட்டையே மூட வேண்டியதா போச்சு, கோஷே, ஃபேப்ரின்னு அரிய பரம்பரை நோய் உள்ளவங்களுக்கு உலகம் பூரா மருந்து தட்டுப்பாடு. அடுத்த வருஷமே, 2010ல, ரோட்டாரிக்ஸ் தடுப்பூசில பன்னி சர்க்கோவைரஸோட டிஎன்ஏ இருக்குன்னு கண்டுபிடிச்சது கம்பெனிக்காரன் இல்ல, டீப் சீக்வென்சிங் (சாம்பிள்ல இருக்கற மரபணு எல்லாத்தையும் படிக்கறது) பண்ணிட்டு இருந்த ஒரு கல்வி ஆராய்ச்சி லேப். கொழந்தைங்களுக்கு அதால ஆபத்து இல்லன்னு தெரிஞ்சு கொஞ்ச வாரத்துல திரும்ப போட ஆரம்பிச்சாங்க, ஆனா தொழிலே ஆடிப்போச்சு. வைரஸ் பாதுகாப்புக்கான ஐசிஎச் கியூ5ஏங்கற சர்வதேச வழிகாட்டிய 2023ல திருத்தி எழுதினப்ப சீக்வென்சிங்க ஏத்துக்கிட்டாங்க, அதனால இப்ப எல்லா கம்பெனிலயும் இத தெரிஞ்சவன தேடறாங்க. வைரஸ் டேட்டாவும் படிக்க தெரியணும், ரெகுலேட்டர் முன்னாடி உக்காந்து பதிலும் சொல்ல தெரியணும். இந்த வழியா போனா அடுத்தது சிஎம்சி (மருந்த எப்படி செய்றது, தரம் எப்படி பாக்கறதுன்னு பொறுப்பு எடுக்கற பக்கம்), சிஎம்சி ஹெட் ஆனவங்க பல கம்பெனில லீடர்ஷிப் டேபிள்ல உக்காருவாங்க, ஏன்னா அவங்க டேட்டா இல்லாம மருந்துக்கு அனுமதி கெடைக்காது.

ஜிஎம்பி அனுபவம் எங்கிருந்து வரும்னு கேட்டீங்க. முழுசா வேலைக்கு சேந்தாதான் வரும். ஆனா பிஎஸ்எல்-3ல (ஆபத்தான கிருமிக்கான உயர் பாதுகாப்பு லேப்) வேலை செஞ்சிருப்பீங்கல்ல? எஸ்ஓபி (வேலை செய்முறை) எழுதினது, டிரெயினிங் ரெக்கார்டு, இன்ஸ்பெக்ஷனுக்கு ஆளுங்க வந்தப்ப பக்கத்துல நின்னு பதில் சொன்னது, அதெல்லாம் ரெஸ்யூமேல ஒரு வரி கூட போடாம பேப்பர் லிஸ்ட மட்டும் மூணு பக்கத்துக்கு போட்டிருப்பீங்க. எங்கிட்ட வர்ற போஸ்ட்டாக் ரெஸ்யூமே எல்லாம் அப்படிதான் இருக்கு லா.

கொசுவலை எழுதியது:

அக்கா, பேப்பர் லிஸ்ட் மூணு பக்கம் இல்ல, ரெண்டுதான். ஆனா பிஎஸ்எல்-3 பத்தி ஒரு வரியும் இல்ல, உண்மைதான். ஒரு சந்தேகம், குவாலிட்டி பக்கம் உள்ள போயிட்டா அப்பறம் ரிசர்ச் பக்கம் எடுக்க மாட்டாங்கன்னு ஒருத்தர் சொன்னாரு?

துவாஸ்பஸ் எழுதியது:

ஓரளவுக்கு நெசம். கியூசில (தயாரான மருந்த டெஸ்ட் பண்ற பக்கம்) பல வருஷம் உக்காந்துட்டா அங்கயே முத்திரை குத்திடுவாங்க. அதனால கியூசிக்கு போகாதீங்க, அனலிட்டிக்கல் டெவலப்மென்ட், வைரல் சேஃப்டி, வெக்டர் டெவலப்மென்ட்னு பேரு வர்ற வேலைக்கு போடுங்க. ஏஏவி, லென்ட்டிவைரஸ்னு ஜீன ஏத்திட்டு போற வைரஸ் (வெக்டர்) வச்சு ஜீன் தெரபி பண்றவங்களுக்கு பொட்டென்சி அஸே (மருந்து எவ்வளவு வேலை செய்யுதுன்னு அளக்கற டெஸ்ட்) பெரிய தலைவலி, அத உருப்படியா டெவலப் பண்ணி கொடுத்தவன ரிசர்ச்காரங்களே தேடி வந்து கூப்பிடுவாங்க.

ரன்வே எழுதியது:

அக்கா சொன்னது நல்ல வழிதான், ஆனா ப்ரோ கேட்டது எத செய்யணும் எத விடணும்னு முடிவு பண்ற சீட்டு. அதுக்கு நான் ஸ்டார்ட்அப்தான் சொல்வேன், காதுல ரத்தம் வந்தாலும் பரவால்லன்னா.

நான் இன்ஃப்ளுயன்சா ஆளு, லேப்ல இருந்து நேரா பத்து பேரு இருந்த ஒரு கம்பெனிக்கு ஆன்டிவைரல் ஹெட்டா போனேன், அந்த கம்பெனி இப்ப இல்ல. முதல் முதலீட்டாளர் மீட்டிங்ல ஒரு அம்மா கேட்டாங்க, "எந்த ரிசல்ட் வந்தா இத நிறுத்துவீங்க?" எனக்கு கேள்வியே புரியல. லேப்ல ரிசல்ட் சரியா வரலன்னா என்ன பண்ணுவோம், இன்னொரு செல் லைன், இன்னொரு ஸ்ட்ரெயின், இன்னொரு கன்ட்ரோல், கடைசில ஏதோ ஒரு ஜர்னல்ல போட்டுடுவோம். அங்க அப்படி இல்ல, இந்த டோஸ்ல எலிக்கு நுரையீரல்ல வைரஸ் இத்தன லாக் இறங்கலன்னா புராஜெக்ட் க்ளோஸ்னு ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே எழுதி வைக்கணும், வந்த பிறகு அந்த எழுத்த மாத்த கூடாது. சிஎஸ்ஓ வேலையே அதுதான் ப்ரோ, பாதி நேரம் நிறுத்தறது, மீதி நேரம் காசு எத்தன மாசம் தாங்கும்னு போர்டுக்கு சொல்றது. வைரஸ பத்தி பேசற நேரம் வாரத்துல ஒரு மதியம் கெடைச்சா லக்கு.

சயின்ஸ் நல்லா இருந்தாலும் நிக்கும், அதுக்கும் தயாரா இருக்கணும். டெங்கு ஆளு உனக்கு தெரியாததில்ல, ஜான்சன் அண்ட் ஜான்சனோட மொஸ்னோடென்விர், வைரஸோட என்எஸ்3, என்எஸ்4பி புரோட்டீன் ரெண்டும் ஒட்டறத தடுக்கற மாத்திரை, ஃபேஸ் 2 வரைக்கும் வந்தது, 2024 அக்டோபர்ல அந்த ஃபீல்டு டிரையல நிறுத்திட்டாங்க, சேஃப்டி பிரச்சனை இல்ல, கம்பெனி தொற்றுநோய் பக்கம் முன்னுரிமைய மாத்திக்கிட்டாங்க, அவ்வளவுதான். நம்ம ஊர்லயே பாரு, நோவார்ட்டிஸோட என்ஐடிடி ஆராய்ச்சி நிலையம் பயோபொலிஸ்ல டெங்கு, மலேரியா, காசநோய்னு வருஷக்கணக்கா நடந்துது, 2017ல கலிஃபோர்னியா எமரிவில்லுக்கு மாத்திட்டாங்க. இங்க இருந்த டெஸ்ஸா தெரப்யூட்டிக்ஸ் கம்பெனி இபிவி வைரஸ குறி வச்ச டி செல்ல மூக்குத்தொண்டை புத்துநோய்க்கு ஃபேஸ் 3 வரைக்கும் கொண்டு போனாங்க, நினைச்ச மாதிரி வரல, வேற செல் தெரபிக்கு மாறினாங்க, 2023ல மூடிட்டாங்க. ஆஸ்லான்னு இன்னொரு சிங்கப்பூர் மருந்து கம்பெனி, 2024ல கலைச்சாச்சு. பயமுறுத்தறதுக்கு சொல்லல, அங்க வேலை செஞ்சவங்கள்ல எனக்கு தெரிஞ்ச யாரும் தெருவுல நிக்கல, பல பேரு ஒரு படி மேல ஏறி வேற இடத்துல இருக்காங்க. மூடின கம்பெனில டைரக்டரா இருந்தவனுக்கும் மார்க்கெட்ல மதிப்பு இருக்கு, அவன் ஒரு புராஜெக்ட ஐஎன்டி (மனுஷங்க கிட்ட சோதிக்க அனுமதி) வரைக்கும் தள்ளிருந்தா.

அதனால ஸ்டார்ட்அப்ல கேக்க வேண்டிய முதல் கேள்வி சம்பளமோ பதவியோ இல்ல, பேங்க்ல எத்தன மாசத்துக்கு காசு இருக்கு. சொல்ல மாட்டேன்னா நடைய கட்டு. ஈசாப் (ஊழியருக்கு கொடுக்கற கம்பெனி பங்கு) எல்லாம் பேப்பர் காசு, சிபிஎஃப் சேமிப்புன்னு நெனச்சு கணக்கு போடாத.

எம்பிஏக்கு அம்பதாயிரம் வெள்ளிக்கு மேல கொட்டறத விட கிரிப்னு என்யுஎஸ் யுனிவர்சிட்டி ஆரம்பிச்ச புரோகிராம் மாதிரி ஒண்ணுல நுழைஞ்சு, ஆராய்ச்சிய கம்பெனியாக்கறது எப்படின்னு கைல அழுக்கு பட கத்துக்கோ. என்எஸ்ஜி பயோலேப்ஸ் மாதிரி வாடகை பெஞ்ச் இடத்துல இருக்கற சின்ன கம்பெனிக்காரங்க கிட்ட கோப்பி குடிச்சிட்டே பேசினா எம்பிஏல சொல்லாததெல்லாம் சொல்வாங்க.

புவனவிஸ்தாவாசி எழுதியது:

எம்பிஏ வேணாம்னு எல்லாரும் ஈசியா சொல்லிடறாங்க, பிசினஸ் டெவலப்மென்ட் பக்கம் போறவங்களுக்கு அது கதவ திறக்குது, நான் பாத்திருக்கேன். ஆர் அண்ட் டி ஹெட்டுக்கு தேவையில்ல, அத ஒத்துக்கறேன்.

நான் ஹெச்ஆர் பக்கம், யாரும் சொல்லாத விஷயம் ஒண்ணு. ப்ரோ ஈபின்னா (எம்ப்ளாய்மென்ட் பாஸ், வேலை விசா) கம்பெனி மாறும்போது புது அப்ளிகேஷன், அதுக்கு காம்பஸ்ங்கற பாயின்ட் முறைல 40 வேணும், 2023 செப்டம்பர்ல இருந்து இதான் ரூல். சின்ன கம்பெனின்னா ஈபி கெடைக்காதுன்னு நெறய பேரு பயப்படறாங்க, ஆனா பிஎம்இடி (நிபுணர், மேனேஜர், டெக்னீஷியன் மாதிரி) ஆளுங்க 25க்கு கீழ இருந்தா நாட்டு விகிதம், உள்ளூர் ஆளு விகிதம் ரெண்டுலயும் தானாவே பத்து பத்து பாயின்ட் வந்துடும். மீதி சம்பளமும் படிப்பும்தான். அங்கதான் மாட்டும், போஸ்ட்டாக் சம்பளத்த அடிப்படையா வச்சு கம்பெனி ஆஃபர் கொடுத்தா அந்தத் துறையோட சம்பள அளவுல பாயின்ட் விழாம போகலாம், அதனால பழைய சம்பளம் கேட்டாங்கன்னா சொல்லாம, எதிர்பாக்கறது இவ்வளவுன்னு மட்டும் சொல்லுங்க. மனிதவள அமைச்சு வெப்சைட்ல கால்குலேட்டர் இருக்கு, இன்டர்வியூக்கு முன்னாடியே போட்டு பாருங்க. மனைவி டிபி, கொழந்த ஸ்கூல் எல்லாம் உங்க பாஸ்ல தொங்கிட்டு இருக்கு, கம்பெனி மூடினா ஊருக்கு டிக்கெட் போடற நெலமை சிட்டிசனுக்கு வராது, ரன்வே சொல்ற அட்வைஸ அத கழிச்சிட்டு கேளுங்க.

ரன்வே எழுதியது:

நியாயம்தான். நான் பிஆர் (நிரந்தரவாசி), அந்த கணக்கு எனக்கு வேற.

ஊட்ரம்பார்க்_சார் எழுதியது:

எல்லாரும் ஒரு வழிப்பாதை மாதிரி பேசறீங்க, இந்த துறைல பெரிய ஆளுங்கள பாத்தா அப்படி இல்ல. நான் மாணவர்களுக்கு சொல்ற மூணு பேர இங்கயும் சொல்றேன்.

ஹெர்பர்ட் விர்ஜின், ஸ்கிப்புன்னுதான் கூப்பிடுவாங்க, செயின்ட் லூயிஸ் வாஷிங்டன் யுனிவர்சிட்டில பெத்தாலஜி துறைத் தலைவரா இருந்தவரு, 2003ல எலி நோரோவைரஸ கண்டுபிடிச்ச குழு அவரோடது. அந்த வயசுல, அந்த நாற்காலிய விட்டுட்டு 2018ல வீர் பயோடெக்னாலஜிக்கு சிஎஸ்ஓவா போனாரு. அங்க வந்த சோட்ரோவிமாப் எங்கிருந்து வந்தது, 2003ல சார்ஸ் வந்து பொழச்ச ஒருத்தரோட ரத்தத்துல இருந்த ஆன்டிபாடில இருந்து. அந்த பழைய ஆன்டிபாடி புது வைரஸயும் பிடிச்சது. 2021 மே மாசம் அமெரிக்க மருந்து கட்டுப்பாட்டு அமைப்பு எஃப்டிஏவோட அவசர அனுமதி, 2022 ஏப்ரல்ல பிஏ.2ங்கற கோவிட் வேரியன்ட் பரவினதும் அமெரிக்காவுல அனுமதிய எடுத்துட்டாங்க. ஒரு வருஷம் கூட முழுசா ஓடல. அந்த ஒரு வருஷத்துல அது காப்பாத்தின உயிர எந்த பேப்பராலயும் காப்பாத்த முடியாது, அதையும் சொல்லணும். தம்பி கவனிக்க வேண்டியது வேற, அவரு போஸ்ட்டாக்கா போகல, முப்பது வருஷ பேர எடுத்துட்டு போய் நேரா மேல உக்காந்தாரு. அது ஒரு வாசல், ஆனா அதுக்கு முதல்ல ப்ரொஃபசர் ஆகணும்.

ரெண்டாவது, தலைகீழ் கதை. ஹெப்படைட்டிஸ் சிய 1989ல கண்டுபிடிச்சது யுனிவர்சிட்டி இல்ல, எமரிவில்ல இருந்த கைரான் கம்பெனி. மைக்கேல் ஹூட்டன், ஜார்ஜ் குவோ, சூ குவி லிம், கூட அமெரிக்க நோய் கட்டுப்பாட்டு மையம் சிடிசியோட டேனியல் பிராட்லி. சூ நம்ம சிங்கப்பூர்ல பொறந்தவரு, இது இங்கயே பல பேருக்கு தெரியாது. அந்த வைரஸ செல்லுல வளக்கவே முடியல, அதனால நோய் வந்த சிம்பன்சியோட பிளாஸ்மால இருந்து ஜீன் லைப்ரரி (மரபணு துண்டு தொகுப்பு) செஞ்சு, சுமார் பத்து லட்சம் குளோன சலிச்சு ஒரே ஒரு குளோன் எடுத்தாங்க. வருஷக்கணக்கா ஒண்ணும் வராத ஒரு புராஜெக்ட ஒரு கம்பெனி விடாம பிடிச்சு வச்சிருந்தது, ரன்வே சொல்ற நிறுத்தற கணக்குக்கு இது நேர் எதிர். அடுத்த வருஷமே ரத்த வங்கிகளுக்கு டெஸ்ட் வந்துடுச்சு. ஹூட்டன் பிறகு கனடாவுல ஆல்பர்ட்டா யுனிவர்சிட்டிக்கு ப்ரொஃபசரா போனாரு, 2020ல நோபல். சூவுக்கும் குவோவுக்கும் நோபல் இல்ல. 2013ல கெய்ர்ட்னர் பரிசு ஹூட்டனுக்கு அறிவிச்சப்ப, அந்த ரெண்டு பேர சேக்கலன்னு சொல்லி வேணாம்னுட்டாரு, கனடா பணம் ஒரு லட்சம் டாலர். கம்பெனில பேரு கெடைக்கறது எப்படி இருக்கும்னு கேட்டா நான் இதத்தான் சொல்வேன்.

மூணாவது ஷி பெய் யோங். பிரிஸ்டல் மயர்ஸ் ஸ்குவிப், அப்பறம் நியூயார்க்ல வாட்ஸ்வர்த் சென்டர், அப்பறம் இங்க என்ஐடிடில டெங்கு, அப்பறம் டெக்சஸ் கால்வெஸ்டன்ல ப்ரொஃபசர். ஃபைசர் கோவிட் தடுப்பூசி புது வேரியன்ட்ட தாங்குதான்னு பாத்த டெஸ்ட்ல நெறய அவரு லேப்ல நடந்துதுதான். திரும்பி விடுவாங்களான்னு கேட்டீங்கல்ல, விடுவாங்க, கம்பெனில இருக்கும்போதே பேப்பர் போட்டவங்கள. வேலைக்கு சேரும்போதே பப்ளிகேஷன் பாலிசி என்னன்னு கேளுங்க, சில இடத்துல வாய தைச்சிடுவாங்க.

இன்னொண்ணு, வெளிய போகாமலே பண்ணவங்களும் இருக்காங்க. எங்க பக்கத்துல டியூக் என்யுஎஸ்ல வாங் லின்ஃபா, ஆஸ்திரேலியா ஜீலாங்ல வௌவால் வைரஸ் பாத்துட்டு இருந்தவரு. கோவிட்ல அவரு குழு செஞ்ச சிபாஸ் டெஸ்ட் ரொம்ப சிம்பிள் யோசனை, வைரஸே வேணாம், வைரஸ் பிடிச்சுக்கற நம்ம செல்லோட ஏசிஇ2 புரோட்டீன பிளேட்டுல ஒட்டி, வைரஸ் ஸ்பைக்கோட ஆர்பிடி (ஒட்டற பகுதி) அதுல போய் ஒட்டறத நோயாளியோட ரத்தம் தடுக்குதான்னு பாரு. பிஎஸ்எல்-3 தேவையில்ல, நாலு நாள் வேலை ஒரு மணி நேரத்துல. ஏ-ஸ்டார் அரசு அமைப்போட டிஎக்ஸ்டி ஹப்பும் ஜென்ஸ்கிரிப்ட் கம்பெனியும் சேந்து கிட்டாக்கி, 2020 நவம்பர்ல எஃப்டிஏ அவசர அனுமதி வாங்கினாங்க. அவரு ப்ரொஃபசராவேதான் இருந்தாரு. தம்பிக்கு கம்பெனி வேணுமா, இல்ல லேப்ல செஞ்சது வெளிய போய் ஆளுக்கு பயன்படணுமா? ரெண்டும் ஒண்ணு இல்ல, இத முதல்ல முடிவு பண்ணுங்க.

அப்பாவுக்கு பாரத் பயோடெக் தடுப்பூசி கம்பெனிய ஆரம்பிச்ச கிருஷ்ணா எல்லாவோட கதைய சொல்லுங்க. வைராலஜிஸ்ட் இல்ல, மாலிக்குலர் பயாலஜி, ஆனா திருத்தணி பக்கத்து விவசாய குடும்பம், விஸ்கான்சின்ல பிஎச்டி, சவுத் கரோலினால மெடிக்கல் யுனிவர்சிட்டில வேலை, அத விட்டுட்டு 1996ல ஹைதராபாத்ல கம்பெனி. ஊர் பேர சொன்னா அப்பா கேப்பாரு.

கொசுவலை எழுதியது:

சார், அக்கா, ரெண்டு ப்ரோவுக்கும் பெரிய நன்றி, பஸ்ல படிச்சிட்டே வந்து ஸ்டாப்ப விட்டுட்டேன். சார் கேட்ட கேள்விக்கு யோசிச்சா எனக்கு கம்பெனிதான் வேணும்னு தோணுது, ஏன்னா நிறுத்தறது பத்தி ரன்வே எழுதினத படிக்கறப்ப பயம் வரல, கொஞ்சம் நிம்மதியா இருந்தது. முடிவே இல்லாம இன்னொரு எக்ஸ்பெரிமென்ட்னு போறதுதான் எனக்கு களைப்பா இருக்கு. ஆனா ஈபி இருக்கறதால இப்போதைக்கு பத்து பேர் கம்பெனி வேணாம். அக்கா சொன்ன வைரல் சேஃப்டி, வெக்டர் அஸே பக்கம் போட்டு பிஆர் வந்த பிறகு மத்தத பாக்கலாம்னு நெனைக்கறேன்.

ஒண்ணே ஒண்ணு அக்கா, பிளாக் அஸேன்னு ரெஸ்யூமேல போட்டா ஹெச்ஆருக்கு புரியுமா?

துவாஸ்பஸ் எழுதியது:

பிளாக் அஸேன்னு மட்டும் போடாதீங்க, எல்லாரும் போடறாங்க. இன்ஃபெக்டிவிட்டி அஸேன்னு போட்டு, எந்த எந்த வைரஸ், எந்த செல், உங்க கைல அதே சாம்பிள திரும்ப திரும்ப பண்ணா வித்தியாசம் எவ்வளவு லாக், வேற ஆளு பண்ணா எவ்வளவு, அத எழுதுங்க. லேப்ல அத யாரும் கணக்கு பண்ணி வச்சிருக்க மாட்டாங்க, உங்க பழைய நோட்புக்க எடுத்து இந்த வீக்கெண்ட் கணக்கு போடுங்க. அந்த ஒரு வரிய பாத்தாலே நான் இன்டர்வியூக்கு கூப்பிடுவேன். பிஎஸ்எல்-3 வரிய மறக்காதீங்க. ரெடியானதும் பிஎம் பண்ணுங்க, பாக்கறேன்.